உஷார்! அரியர் வைத்த பிள்ளையைத் திட்டும் முன் இதைப் படியுங்கள்

கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஊரில் இருக்கும் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் அடுத்த செமஸ்டர் ரிசல்ட் வருவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும்.

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் நன்றாகப் படித்த பிள்ளை, கல்லூரிக்குப் போன ஒன்றிரண்டு செமஸ்டரிலேயே மூன்று அரியர், நான்கு அரியர் என்று வந்து நின்றால் நமக்கு முதலில் என்ன தோன்றுகிறது? செல்போன்தான் கெடுத்துவிட்டது. சேர்க்கை சரியில்லை. வீட்டை விட்டுப் போனதும் திமிர் ஏறிவிட்டது. சில வீடுகளில் இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வேறு பல வீடுகளில் அந்த மார்க் ஷீட்டில் தெரிவது ஒரு நோய். மனச்சோர்வோ மனப்பதற்றமோ உள்ளே வேலை செய்ய ஆரம்பித்து மாதங்கள் ஆகியிருக்கும். பிள்ளை வாய் திறந்து சொல்லியிருக்காது. வெளியே தெரிகிற முதல் தடயமே மார்க்தான். அதைப் பார்த்து நாம் போடும் சத்தம், நோயில் கிடக்கும் பிள்ளையை இன்னும் கீழே தள்ளுகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவ மாணவியர் 13,044 பேர். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் இதில் அடக்கம். சராசரியாக ஒரு நாளைக்கு 35 பேருக்கு மேல். மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. படிப்பில் முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்படுகிற மாநிலம் இந்தப் பட்டியலிலும் முன்னே நிற்கிறது. எந்த மரணத்துக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. அரியர் வைத்தவர்கள் எல்லாரும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றும் அர்த்தமில்லை. ஆனாலும் பிள்ளை தடுமாறத் தொடங்கியதைச் சரியான நேரத்தில் கவனித்தால் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் இவற்றில் ஏராளம். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

மனம் சோர்ந்தால் மார்க் ஏன் விழுகிறது?

மனச்சோர்வு என்றால் சோகமாக இருப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு அது செய்யும் கேடு வேறு மாதிரி. கவனம் நிற்காது. புத்தகத்தைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அதே பக்கம்தான் கண்முன் இருக்கும். படித்தது நினைவில் தங்காது. விடியற்காலை மூன்று, நான்கு மணி வரை தூக்கம் வராது. பிறகு எட்டரை மணி வகுப்புக்கு எழுந்திருக்க முடியாது. வகுப்பு போனால் அட்டெண்டன்ஸ் போகும். லேப் ரெக்கார்டு முடிக்காமல் கிடக்கும், அசைன்மென்ட் தேதி தாண்டும், இன்டர்னல் மார்க் குறையும். பதற்றம் மிகுந்த பிள்ளைக்கோ, ராத்திரியெல்லாம் படித்தும் தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்த்த நிமிடம் எல்லாம் மறந்துபோகும். வைவாவில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ரிசல்ட் வந்த பிறகு இந்தச் சுழல் எதிர்த் திசையிலும் சுற்ற ஆரம்பிக்கும். தோற்ற வெட்கத்தில் வகுப்புக்குப் போகாமல் இருப்பது, போகாததால் இன்னும் பின்தங்குவது, நண்பர்களைத் தவிர்ப்பது, வீட்டில் பொய் சொல்வது, பொய் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் மேலும் ஒடுங்குவது. அடுத்த செமஸ்டரில் புதுப் பாடங்களோடு பழைய அரியரும் சேர்ந்துகொள்ளும். மனம் மார்க்கை இழுக்க, மார்க் மனதை இழுக்க, நடுவில் யாராவது கை கொடுத்தால் ஒழிய பிள்ளையால் தனியாக வெளியே வர முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டேனியல் ஐசன்பெர்க் குழுவினர் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. மனச்சோர்வு உள்ள மாணவர்களுக்கு மதிப்பெண் குறைவதும், படிப்பைப் பாதியில் நிறுத்தும் வாய்ப்பு கூடுவதும் அதில் தெரிந்தது. பதற்றமும் சேர்ந்திருந்தால் பாதிப்பு இன்னும் கடுமை. பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் அதில் உண்டு. மதிப்பெண் சரிவோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது, எதிலும் நாட்டமில்லாமல் போவதுதான். வெறும் சோக உணர்வுக்கு அத்தனை தொடர்பு தெரியவில்லை. ஆகவே அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றி மட்டும் கவலைப்படாதீர்கள். கிரிக்கெட், பாட்டு, சினிமா, நண்பர்கள் என்று முன்பு உயிரை விட்ட எதன் மீதும் ஆசையில்லாமல், “ம்”, “சரி” என்று மட்டும் பதில் சொல்கிற பிள்ளையைக் கவனியுங்கள்.

தூக்கத்தையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். எம்ஐடி-யில் ஒரு வேதியியல் வகுப்பு மாணவர்கள் 88 பேரின் தூக்கத்தைக் கையில் கட்டும் கருவியால் செமஸ்டர் முழுக்க அளந்து பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். செமஸ்டர் நெடுக நன்றாக, ஒழுங்காகத் தூங்கியவர்களுக்கு மார்க் கூடியது. தேர்வுக்கு முந்தைய ஒரு ராத்திரி மட்டும் நன்றாகத் தூங்கியதால் மார்க் கூடியதாகத் தெரியவில்லை. “தூங்காமல் படி” என்று பிள்ளையை உசுப்பிவிடும் வீடுகள் இதைக் கேட்க வேண்டும்.

இது ஏதோ பலவீனமான சில பிள்ளைகளின் பிரச்சினை என்றும் ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று எட்டு நாடுகளில், 19 கல்லூரிகளில், ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களை விசாரித்து 2018-இல் முடிவைச் சொன்னது. வாழ்வில் ஒரு கட்டத்திலாவது ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பைச் சந்தித்தவர்கள் 35 சதவீதம். மூன்றில் ஒருவர்!

யாருக்கு ஆபத்து அதிகம்?

பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள். “மேத்ஸில் சென்டம் எடுத்தவன்” என்று ஊரே பேசியிருக்கும். இங்கே ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் சொல்ல வராமல் தலை குனிந்திருப்பான். அவனுக்குக் குறைந்திருப்பது மொழிப் பழக்கம் மட்டுமே. ஆனால் அறிவே தனக்கு இல்லை என்று முதல் செமஸ்டரிலேயே முடிவு கட்டிவிடுவான்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இன்டர்னல் என்றால் என்ன, ரீவேல்யூவேஷன் எப்படிப் போடுவது, யாரிடம் போய்ப் பேசுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. நகையை அடகு வைத்தோ கல்விக் கடன் வாங்கியோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள். ஒவ்வொரு அரியரும் அவர்கள் கணக்கில் அம்மாவின் வளையலாகத் தெரியும். பிடித்த பாடத்தை விட்டுக்கொடுத்து அப்பா சொன்ன குரூப்பில் சேர்ந்தவர்கள். சாதிப் பெயராலோ ஊர்ப் பெயராலோ நிறத்தாலோ ஹாஸ்டலில் கேலிக்கு ஆளாகிறவர்கள். வெளிமாநிலக் கல்லூரிகளில் மொழி புரியாமல், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தனித்திருப்பவர்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களை நாம் சந்தேகப்படுவதே இல்லை. பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க் எடுத்த பிள்ளைகள். தோல்வியே தெரியாமல் வளர்ந்தவர்கள், தங்களைப் போன்ற முதல் ரேங்க் பிள்ளைகள் அறுபது பேர் இருக்கும் வகுப்பில் நாற்பதாவது இடத்துக்கு வரும்போது நொறுங்கிப் போகிறார்கள். வெளியே சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

இந்த நாட்களில் கூடுதல் உஷார்!

ரிசல்ட் வெளியாகும் நாள். அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டப்படும் நாள். ‘அரியர் இருந்தால் உட்கார முடியாது’ என்று பிளேஸ்மென்ட்டில் பெயர் நீக்கப்படும் நாள். நண்பர்கள் எல்லாரும் வேலை வாங்கிவிட்டு ஸ்டேட்டஸ் போடும் நாட்கள். கட்டணம் கட்டக் கடைசித் தேதி. லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் நாள். பஸ் ஏறும் முன் வயிற்று வலி, தலைவலி, “இன்னும் ரெண்டு நாள் இருக்கேனே” என்ற கெஞ்சல் வந்தால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். இந்த நாட்களில் பிள்ளை தனியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ராகிங் என்று சந்தேகம் எழுந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

கீழே உள்ளவற்றில் சில, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம்:

• தினமும் பேசிய பிள்ளை போனை எடுக்காமல் இருப்பது, எடுத்தாலும் உடனே வைத்துவிடுவது.
• தூக்கமே இல்லாதது, அல்லது பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருப்பது.
• சாப்பாடு குறைந்து உடல் மெலிவது. குளிப்பது, துணி மாற்றுவதுகூடப் பாரமாவது.
• சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது. பையன்களிடம் மனச்சோர்வு பல நேரம் கோபமாகத்தான் வெளிவரும்.
• குடிப்பழக்கம், புகையிலை, யாரோ கொடுத்த மாத்திரை என்று திடீரெனப் பிடித்துக்கொள்வது.
• “நான் உங்களுக்குப் பாரம்”, “நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்” என்ற மாதிரிப் பேச்சு.

ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, எல்லாரிடமும் விடைபெறுவது போலப் பேசுவது, நெடுநாள் வாட்டத்துக்குப் பிறகு காரணமே இல்லாமல் சட்டென்று அமைதியாவது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே, அந்த மணி நேரமே கிளம்பிப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் இருங்கள். ஹாஸ்டலில் என்றால் நீங்கள் போய்ச் சேரும்வரை வார்டனையோ அறைத்தோழரையோ கூடவே இருக்கச் சொல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவை கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.

எதைச் சொல்லக் கூடாது? எப்படிக் கேட்பது?

“உனக்கு என்ன குறை வைச்சோம்?”, “நாங்க படாத கஷ்டமா?”, “பக்கத்து வீட்டு முருகேசன் பொண்ணு டிசிஎஸ்-ல வேலைக்குப் போயிட்டா”, “சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது?” நாம் பாசத்தில், ஆதங்கத்தில் சொல்லும் இந்த வார்த்தைகள் நோயில் இருக்கும் பிள்ளையின் காதில் ஒரே தீர்ப்பாக விழுகின்றன: நான் எதற்கும் உதவாதவன். ரிசல்ட் அன்று இவற்றில் ஒன்றையும் சொல்லாதீர்கள். கோபம் வந்தால் போனை வைத்துவிட்டு, தணிந்த பிறகு பேசுங்கள்.

“என்னப்பா, ரொம்ப நாளா நீ சரியாவே இல்லையே. மார்க்கை விடு, அதை அப்புறம் பார்த்துக்கலாம். ராத்திரி தூங்குறியா? சாப்பாடு இறங்குதா? எங்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்.” இப்படி ஆரம்பித்தால் போதும். பிள்ளை பேச ஆரம்பித்ததும் அறிவுரை சொல்லக் குறுக்கே பாயாதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

சந்தேகம் எழுந்தால் நேராகக் கேட்கவும் தயங்க வேண்டாம்: “செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாடா கண்ணு?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அந்தப் பயம் தவறு. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அடக்கி வைத்திருந்ததைக் கொட்ட ஓர் ஆள் கிடைத்த ஆறுதலே பிள்ளைக்குக் கிடைக்கும்.

எங்கே போவது?

14416. இது மத்திய அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். பிள்ளையும் பேசலாம், என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

நேரில் போக வேண்டுமென்றால் எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. செலவைப் பற்றிய கவலை வேண்டாம். முதலில் ரத்தசோகை, தைராய்டு, பி-12 குறைபாடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் சோர்வை உண்டாக்கும். பேச்சு சிகிச்சையிலேயே குணமாகிறவர்கள் நிறையப் பேர். மருந்து தேவைப்பட்டால் இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். மூன்று நாளில் குணமாகவில்லை என்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் தேறியதும் டாக்டரைக் கேட்காமல் விடவும் கூடாது. 25 வயதுக்குட்பட்டவர்களை மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். தவிப்பு கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நேர்ச்சை வையுங்கள், கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ கூட்டிப்போங்கள், தடையில்லை. ஆனால் டாக்டரிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ‘ஞாபக சக்தி மாத்திரை’ என்று ஆன்லைனில் விற்பவர்களிடமும், ‘இதைப் போட்டால் ராத்திரி முழுக்கப் படிக்கலாம்’ என்று ஹாஸ்டலில் கைமாறும் மாத்திரைகள் விஷயத்திலும் கடும் உஷார்! டாக்டர் சீட்டு இல்லாமல் விழுங்கும் அந்த மாத்திரைகள் தூக்கத்தையும் பறிக்கும், பதற்றத்தையும் கூட்டும், பழக்கமாகவும் பிடித்துக்கொள்ளும்.

‘பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமே, கல்யாணம் ஆகாதே’ என்ற பயத்தில் மூடி மறைக்கும் குடும்பங்களுக்கு: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், குற்றவாளியாகத் தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு

அரியரோடு வாழ்க்கை முடிந்துவிட்டது என்று தோன்றுகிறதா? பல்கலைக்கழக விதியையே எடுத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் நான்கு வருட பி.இ. படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை அவகாசம் உண்டு. உடல்நலம் போன்ற தகுந்த காரணம் இருந்தால் முன்கூட்டியே விண்ணப்பித்து, முறைப்படி ஒருமுறை படிப்புக்கு இடைவெளி எடுக்கவும் வழி இருக்கிறது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்று காட்டி அனுமதி கேட்கலாம். 65-க்கும் கீழே போனால்தான் செமஸ்டரைத் திரும்பப் படிக்க நேரும். ஆகவே நிலைமை கைமீறும் முன் டாக்டரைப் பாருங்கள், அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், துறைத் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். உங்கள் கல்லூரி அலுவலகத்தில் இன்றைய விதியைக் கேளுங்கள். நோயைச் சரி செய்தால் மார்க் மெல்ல ஏறும். எல்லா அரியரையும் ஒரே செமஸ்டரில் கிளியர் செய்ய நினைத்து மறுபடி உடைந்துபோகாதீர்கள்.

அறைத்தோழன் ஒருவன் “யார்கிட்டயும் சொல்லிடாதே” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சாவைப் பற்றிப் பேசினால், அந்தச் சத்தியத்தை உடைத்துவிடுங்கள். வார்டனிடமோ, நம்பிக்கையான ஆசிரியரிடமோ, அவன் வீட்டிலோ உடனே சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ள அவன் உயிரோடு இருக்கட்டும்.

கல்லூரிகளே, உங்களுக்கும்தான்

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலத்துக்காக 15 வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். உதவி எண்கள் வகுப்பறையிலும் ஹாஸ்டலிலும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பதும், பலர் முன் அவமானப்படுத்துவதும் கூடாது. அரியர் வைத்தவர்களை வகுப்பில் எழுப்பி நிற்கவைக்கும் ஆசிரியர்கள், அரியர் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடும் துறைகள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோர்களே, கல்லூரிக்குப் போகும்போது பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார், வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார் என்று கேளுங்கள்.

மனது வைத்தால் முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஒரு காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனாலும் ஒரு வருடம் வீணாகும். சிநேகாவை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் வலியுறுத்தியதன் பேரில், ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் உடனடித் துணைத் தேர்வு வந்தது. தோற்ற பிள்ளைக்கு அடுத்த வழி அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது. தேர்வுத் தோல்வியால் நேரும் மரணங்கள் அதன் பிறகு குறைந்தன. ஒரு தேர்வுத் தேதியை முன்னே கொண்டுவந்ததிலேயே உயிர்கள் பிழைத்தன என்றால், வீடும் கல்லூரியும் சேர்ந்து நின்றால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம்!

ஆகவே இன்றைக்கே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். 14416 என்ற எண்ணை உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் பதிந்து வையுங்கள். பிள்ளையின் அறைத்தோழர் ஒருவர், வார்டன், வகுப்பு ஆசிரியர் ஆகிய மூவரின் எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் பிள்ளையைக் கூப்பிட்டு, படிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பத்து நிமிடம் பேசுங்கள். ரிசல்ட் என்னவாக இருந்தாலும் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது என்பதை, ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.